கீழ்த்தளத்தில் நடந்த கால்கள்

என் புருஷன் வெர்னுக்குப் பொய் சொல்லவே தெரியாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். ஊருக்கென்ன, சொன்னால் வாய் வலிக்கவா போகிறது? முப்பத்தோரு வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். பொய் அவனுக்கு நன்றாகவே வரும். சொல்லும்போது இடது காதைச் சொறிவான், அவ்வளவுதான்.

நான் ஒரு சந்தேகப் பிராணி என்பது அவன் கட்சி. ஒத்துக்கொள்கிறேன். ஆல்டர் ஹார்பர் மளிகைக் கடையில் இருபத்து நாலு வருஷம் கவுண்டரில் நின்றவள். ரொட்டிப் பொட்டலத்துக்குக் கீழே பேட்டரியை மறைத்துக்கொண்டு வருகிறவனை அவன் வரிசையில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். லொரேன் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று கடை முதலாளியே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையை நான் எப்படி இழந்தேன் என்பதும் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

வெர்ன் எங்கள் மாவட்டத்துப் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறவன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சுப்பீரியர் ஏரிக் காற்று எங்கள் மேல் பனியைக் கொட்டும், அவன் தள்ளுவான், மறுபடியும் கொட்டும், மறுபடியும் தள்ளுவான். வேறு எதிலும் அவனைக் கெட்டிக்காரன் என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாண நாள் நினைவிருக்காது. முட்டை வேகவைக்கச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்குவான். ஆனால் முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வெள்ளையாக அடிக்கும் காற்றில், யார் வீட்டுத் தபால் பெட்டி சாலையோரத்தில் எங்கே நிற்கிறது என்று மனசிலேயே கணக்குப் போட்டு, உரசாமல் போவான். முப்பது வருஷத்தில் அவன் உடைத்தது இரண்டே பெட்டி. அதில் ஒன்று எங்களுடையது.

அந்த லாரி ஷெட்டில் எழுதி வைக்காத சட்டம் இரண்டு உண்டு. ஒருவனுக்கு முடியவில்லை என்றால் அவன் ரூட்டைப் பக்கத்து ரூட்காரன் எடுத்துக்கொள்வான். மேஸ்திரியிடம் மூச்சு விடமாட்டார்கள். காய்ச்சலோ, பெண்டாட்டி சண்டையோ, குடித்த மயக்கமோ, காரணமும் கேட்கமாட்டார்கள். "உன் ரூட்டை நான் எடுத்துக்கிறேன்" என்றால் முடிந்தது. இரண்டாவது சட்டம் ரேடியோவில். யாராவது "பிளேடைத் தூக்கு" என்று சொன்னால், கேட்டவன் அந்த நொடியே பனித் தகட்டைத் தூக்கி ஓரம் கட்டி நின்றுவிட வேண்டும். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. முன்னால் ஒரு காரோ, ஒரு மனுஷனோ பனிக்குள் புதைந்து கிடக்கிறான் என்று அர்த்தம். அந்தச் சொல்லை அங்கே யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

வெர்னின் பக்கத்து ரூட்காரன் மெல்வின் ரோவ். அறுபத்தொரு வயது, பீப்பாய் உடம்பு, மனைவி விட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம். என் சமையலறையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துப் பேஸ்டி சுடும் நாளெல்லாம் அவனுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

போன ஜூலையில் ஏரிக்கரையில் படகை இழுத்துக்கொண்டிருந்தபோது வெர்னுக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உயிர் பிழைத்தான், அது போதும் எனக்கு. அவனுக்குப் போதவில்லை. மாரடைப்பு வந்தவன் பெரிய லாரி ஓட்ட வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் ஒரு நடைப் பரிசோதனையில் தேற வேண்டும். ட்ரெட்மில்லில் ஏற்றி, வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். இதயம் தாங்கினால் உரிமம், தாங்காவிட்டால் வீடு. நாள் குறித்தாயிற்று, அக்டோபர் இருபத்திரண்டு. பனி இல்லாத வெர்னை நான் கோடையில் பார்த்திருக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு ஒருவன் தன் லாரியை ஓட்டுவதைப் பார்த்தானானால் மாரடைப்பு செய்யாததை அது செய்துவிடும்.

ஆஸ்பத்திரி நாற்பத்தைந்து மைல். தினமும் போய்வர முடியாது என்பதால் வீட்டிலேயே நடக்கச் சொன்னார்கள். ஷெட்காரர்கள் சேர்ந்து ஒரு பழைய ட்ரெட்மில்லைக் கொண்டுவந்து எங்கள் கீழ்த்தளத்தில், சவுனா என்கிற சூட்டுக் குளியல் அறைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஆகஸ்டில் ஆஸ்பத்திரியில் பிரிஜெட் என்கிற நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். பூப்போலப் பேசுவாள், ஆனால் ஒன்றையும் விடமாட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஓடுற பெல்ட்ல நேரா காலை வைக்காதீங்க. ரெண்டு பக்கமும் இருக்கிற ஓரத்துல நின்னுக்கிட்டு, மெதுவா ஓடவிட்டு, அப்புறம் ஏறுங்க. இந்தச் சிவப்புச் சாவி இருக்கே, இதோட கயிறைச் சட்டையில மாட்டிக்கணும். நீங்க தடுமாறினா சாவி புடுங்கிக்கிட்டு வந்துரும், மிஷின் நின்னுரும். பின்னால ஆறடிக்குச் செவுரோ சாமானோ இருக்கக் கூடாது."

"எங்க வீட்டுல பின்னால மான் தலை மாட்டியிருக்கு," என்றான் வெர்ன்.

"கழட்டிடுங்க. விழுந்தா கொம்புல விழுவீங்க. முதல் அஞ்சு நிமிஷம் மெதுவா, கடைசி அஞ்சு நிமிஷமும் மெதுவா. சட்டுனு நிறுத்தி இறங்கினா தலை சுத்தும். கைப்பிடியைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு நடக்காதீங்க. அது நடையே இல்ல."

பிறகு ஒரு மார்புப் பட்டையை எடுத்துக் காட்டினாள். அதைக் கட்டிக்கொண்டு நடந்தால் நாடித் துடிப்பு போனுக்குப் போகும், போனிலிருந்து பிரிஜெட்டின் கணினிக்குப் போகும்.

"உங்க மிஷின்ல வயசுக்கு எவ்வளவு துடிக்கணும்னு ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். இருநூத்தி இருபதுல வயசைக் கழிக்கிற கணக்கு. ஐம்பத்தெட்டு வயசுக்கு நூத்திப் பதிமூணுலேருந்து நூத்தி முப்பத்தெட்டுன்னு போட்டிருப்பான். அது உங்களுக்கு இல்ல. நீங்க சாப்பிடுறது இதயத்துக்குக் கடிவாளம் போடுற மாத்திரை. உங்க எண் தொண்ணூறுலேருந்து நூத்தி அஞ்சு, அதுக்கு மேல வேண்டாம். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்."

"இவரு நல்லா இருந்தப்பவே பாட முடியாது," என்றேன். பிரிஜெட் சிரித்தாள். வெர்ன் சிரிக்கவில்லை. அவன் அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் தினமும் நாலு மணிக்கு வெர்ன் கீழே இறங்குவான். ட்ரெட்மில் உறுமும். என் சமையலறைத் தரையில் தட் தட் என்று காலடி கேட்கும். நாற்பது நிமிஷம் கழித்து வேர்த்து விறுவிறுத்து மேலே வருவான். அவனோடு மெல்வினும் வருவான், முகம் தக்காளியாக. சவுனா அடுப்புக்குப் புதுக் கல் அடுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவன் பின்பக்கக் கதவு வழியாகத் தினமும் வந்துகொண்டிருந்தான். வாரக்கணக்கில் அடுக்க அது என்ன கோட்டைச் சுவரா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

முதலில் எனக்கு வந்த சந்தேகம் சவுனா. இரண்டு தடியன்களும் டாக்டர் வேண்டாமென்ற சூட்டில் திருட்டுத்தனமாக உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள் என்று நினைத்தேன். குப்பையைக் கிளறினேன். ஒரு காலி டப்பாகூட இல்லை. சவுனாப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

அடுத்தது சத்தம். வெர்னுக்கு இடது முட்டி பழுது. தட்… தொப், தட்… தொப் என்றுதான் நடப்பான். வீட்டில் எந்த மூலையில் நடந்தாலும் எனக்குத் தெரியும். கீழிருந்து வருவதோ ஒரே சீராக, தட் தட் தட் தட். அவனிடமே கேட்டேன்.

"என்ன வெர்ன், உன் முட்டி குணமாயிருச்சா?"

"பெல்ட்டு சமமா இழுக்குதுல்ல லொரேன், நடையும் சமமாயிருது," என்று காதைச் சொறிந்தான்.

இடது காது.

அன்றைக்கே அவனுடைய புது நடைச் செருப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஷூதான், செருப்பு என்பது என் வாய் வழக்கம். மூன்று வாரம் நடந்ததாகச் சொன்ன ஷூவின் அடியில், கடையில் ஒட்டிய அளவுச் சீட்டு அப்படியே இருந்தது. ஒரு ஓரம்கூடக் கிழியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் இவன், நான் பார்த்துக்கொண்டே பரிமாறுகிறேன்! கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் கவுண்டரில் நின்ற காலத்தில் படித்த பாடம் ஒன்று உண்டு. திருடனைக் கதவைத் தாண்ட விட வேண்டும், அப்போதுதான் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் எட்டாம் தேதி பிரிஜெட் கூப்பிட்டாள்.

"லொரேன், வெர்ன் மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறாரா?"

"ஏன் கேக்குறீங்க?"

"அவரோட எண் நூத்தி நாப்பது வரைக்கும் போகுது. அந்த மாத்திரை சாப்பிடுற இதயம் அவ்வளவு சுலபமா அங்க போகாது."

மாத்திரைக் குப்பியைக் கொட்டி எண்ணினேன். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ எனக்கு இது பிடிக்கல. இன்னொண்ணும் பாத்தேன். நடந்து நிறுத்தின ஒரு நிமிஷத்துல துடிப்பு பன்னெண்டாவது குறையணும், நல்ல இதயம்னா இருபதுகூட இறங்கும். இவருக்கு அஞ்சு, ஆறுதான் இறங்குது. நடுநடுவுல தாறுமாறா எகிறுது வேற. இனிமே அவரை மிஷின்ல ஏறவிடாதீங்க. நாளன்னைக்கு மூணரைக்குக் கூட்டிக்கிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷூவில் சீட்டு கிழியவில்லை. கால் சத்தம் அவனுடையது இல்லை. மாத்திரை சரியாக இருக்கிறது. எண் மட்டும் எங்கேயோ போகிறது. நாய்க்குக் கட்டிவிட்டானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், சத்தியமாக. எங்கள் டஃபி கிழடு, வெர்ன் கையால் பிஸ்கட் கொடுத்தால் எதற்கும் நிற்கும். ஆனால் டஃபிக்கு நாலு கால், கேட்டது இரண்டு.

அப்போதும் எனக்கு மெல்வின் பெயர் வராமல் இல்லை. வந்தது. ஆனால் நான் நினைத்ததெல்லாம், இந்த இரண்டு பேரும் என்னை ஏமாற்றுகிறார்கள் என்பதுதான். பிரிஜெட் சொன்ன "தாறுமாறா" என்ற சொல்லை எடுத்து மெல்வின் நெஞ்சில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மிஷினில் ஏறாதே என்று வெர்னிடம் நான் சொல்லவில்லை, அவன்தான் ஏறுவதே இல்லையே. விவரம் எதுவும் சொல்லாமல், நர்ஸ் பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் சொல்லிப் பத்தாம் தேதி காரில் ஏற்றினேன். பாதி வழியில் கேட்டேன்.

"பட்டையும் போனும் எடுத்துக்கிட்டியா?"

"அடடா, மறந்துட்டேன்."

காது.

ஆஸ்பத்திரியில் பிரிஜெட் அவன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ட்ரெட்மில்லில் ஏறச் சொன்னாள். வெர்ன் ஓரத்தில் நின்றான். பெல்ட் மெதுவாக ஓடியது, ஒரு குழந்தை நடக்கும் வேகம். அவன் ஏறவில்லை. இரண்டு கையும் கைப்பிடியை இறுக்கி விரல் முட்டியெல்லாம் வெளுத்துவிட்டது. அவன் நெற்றியில் வேர்வை. முப்பத்தோரு வருஷத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. லாரியோடு பள்ளத்தில் கவிழ்ந்து மூன்று மணி நேரம் கிடந்துவிட்டு வந்த அன்றுகூட, பேஸ்டி ஆறிப்போச்சா என்று கேட்டவன் அவன்.

"ஏறுங்க வெர்ன், நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்றாள் பிரிஜெட்.

ஏறினான். தட்… தொப், தட்… தொப். பத்து நிமிஷம். எண் தொண்ணூற்று நாலுக்குப் போய் நின்றது. வேகத்தைக் குறைத்து நிறுத்தியதும் ஒரு நிமிஷத்தில் பதினேழு இறங்கியது. பிரிஜெட் தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள்.

"இது ரொம்ப நல்ல இதயம். ஆனா எனக்கு ஒரு மாசமா வந்துக்கிட்டு இருக்கிறது இது இல்ல."

"பட்டை பழுதா இருக்கும்," என்றான் வெர்ன்.

கை காதுக்குப் போகும் முன்பே நான் அதைப் பிடித்துவிட்டேன். அதே நேரம் மேஜைமேல் கணினி டிங் என்றது. திரையில் வெர்ன் என்ற பெயருக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தது. நடை ஆரம்பம். நூற்றுப் பத்து. நூற்றுப் பத்தொன்பது.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

வெர்ன் எங்கள் முன்னால் நாற்காலியில் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தான். வெர்னின் இதயம் நாற்பத்தைந்து மைலுக்கு அப்பால், எங்கள் கீழ்த்தளத்தில், நடந்துகொண்டிருந்தது.

"யாரு அது?" பிரிஜெட்டின் குரலில் பூ எல்லாம் உதிர்ந்துவிட்டது. "நான் திட்டுறதுக்குக் கேக்கல. ஒரு மாசமா நான் பாத்துக்கிட்டு இருக்கிற அந்த இதயத்துக்கு உடனே டாக்டர் வேணும். யாரு?"

சொன்னால் உரிமம் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஏமாற்றினான் என்று எழுதினால் இருபத்திரண்டாம் தேதியும் இல்லை, பனியும் இல்லை. அவன் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. அதற்காகவே அவனை மன்னித்தேன், ஆனால் அதைச் சொன்னது பிற்பாடுதான்.

"மெல்வின். என் ரூட்டை எடுத்துக்கிட்டான்."

நூற்று முப்பத்து மூன்று.

"ஏன் இவ்வளவு வேகமா நடக்குறாரு?" என்றாள் பிரிஜெட்.

"மிஷின்ல அட்டவணை ஒட்டியிருக்குல்ல… அதுல நூத்தி முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. எனக்கு நல்ல மார்க் வாங்கித் தரணும்னு…"

அடப்பாவிகளா! பாடத்தில் உட்கார்ந்தவன் நடக்கவில்லை, நடந்தவன் பாடத்தில் இல்லை.

பிரிஜெட் ஒரு போனில் ஆம்புலன்சை எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாள். நான் என் போனிலிருந்து வெர்னின் போனுக்குக் கூப்பிட்டேன். ட்ரெட்மில்லின் முன்பலகையில், மெல்வினின் மூக்குக்கு நேரே அது இருக்கும். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? திரையில் லொரேன் என்று என் பெயர் வந்திருக்கும். திருட்டுத்தனமாக என் வீட்டில் நிற்கிறவன் என் போனையா எடுப்பான்? கணினியில் எண் நூற்று நாற்பத்தெட்டுக்குத் தாவியது. என் பெயரைப் பார்த்த பயம்! மறுபடியும் கூப்பிடப் போன என் கையைப் பிரிஜெட் பிடித்துக்கொண்டாள்.

"அவரோட போனுக்குக் கூப்பிடுங்க."

"அதை லாரியிலேயே வெச்சுட்டுத்தான் வருவான். இன்னிக்கு வராதேன்னு நானும் சொல்லல," என்றான் வெர்ன். நெஞ்சில் ஒயர்களோடு எழுந்து வந்து, "குடு" என்று என் போனை வாங்கினான். அந்தத் தடித்த விரல்களால், ஒவ்வொரு எழுத்தாக, ஒரே ஒரு வரி அடித்துத் தன் போனுக்கே அனுப்பினான்.

பிளேடைத் தூக்கு. வெர்ன்.

மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தேழு. நான் சின்ன வயதில் ஜெபித்ததோடு சரி, அன்று ஜெபித்தேன். நூற்று நாற்பத்து நாலு. நூற்று நாற்பத்திரண்டு.

"நின்னுட்டாரு," என்றாள் பிரிஜெட். "கேள்வி கேக்காம நின்னுட்டாரு."

"கேக்கமாட்டான்," என்றான் வெர்ன். போனை என்னிடம் நீட்டி, அடுத்த வரியை என்னை அடிக்கச் சொன்னான். உட்காரு. சவுனாப் பக்கம் போகாதே. பின்கதவைத் திறந்து வை, ஆள் வருது.

மெல்வினுக்கு மூன்று ரத்தக்குழாயில் அடைப்பு. அதில் ஒன்று, டாக்டர் சொன்ன மாதிரியே சொல்கிறேன், நூல் நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது. நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். கண் விழித்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "லொரேன், உனக்குக் கோவமா?"

"கோவமா? நீ எழுந்து நில்லு, அப்புறம் உன்னைக் கொல்றேன்," என்றேன். சொல்லிவிட்டு வராந்தாவில் போய் அழுதேன்.

ஏன் அழுதேன் என்றால், இருபத்து நாலு வருஷமும் என் கவுண்டரில் சாமான் வாங்கினவன் அவன். கடைசி ஒரு வருஷம் அவன் வாங்கியது வாரம் ஒரு பெரிய குப்பி நெஞ்செரிச்சல் மாத்திரை. "என் பேஸ்டியைக் குறை சொல்றியா?" என்று கிண்டல் செய்து பையில் போட்டுக் கொடுத்தது என் கை. கீழ்த்தளப் படி ஏறும்போது நடுவில் நின்று இடது தோளைத் தேய்ப்பான், அதையும் பார்த்திருக்கிறேன். ரொட்டிக்குக் கீழே ஒளிந்த பேட்டரி தெரிந்த கண்ணுக்கு இது தெரியவில்லை. நான் சந்தேகப்பட வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

வெர்ன் வீட்டுக்கு வரும் வழியில், காரில்தான் சொன்னான். கண் சாலையில் இருந்தது.

"முதல் நாள் ஏறினேன் லொரேன். ரெண்டு நிமிஷம். நெஞ்சு அடிக்கிறது காதுல கேட்டுச்சு. ஜூலையில ஏரிக்கரையிலயும் அதேதான் கேட்டுச்சு. இறங்கிட்டேன். அப்புறம் ஏறவே முடியல. பெல்ட்டை ஓடவிட்டுப் படியில உக்காந்திருந்தேன். மெல்வின் வந்து பாத்தான். ஒண்ணும் கேக்கல. பட்டையை வாங்கிக் கட்டிக்கிட்டான்."

"நீ எப்படி வேர்த்துக்கிட்டு வந்தே?"

"சவுனாத் தொட்டித் தண்ணி. முகத்துல அடிச்சுப்பேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் வந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றேன். "சொன்னா நீயும் பயப்படுவே" என்றான். பைத்தியக்காரன். ஜூலையிலிருந்து நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தான்?

பிரிஜெட் பொய் எழுதவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. வீட்டுப் பயிற்சி நடக்கவில்லை, பரிசோதனையை ஜனவரிக்குத் தள்ள வேண்டும் என்று மட்டும் எழுதினாள். நவம்பர் முதல் வாரம் பனி கொட்டியது. வெர்ன் ஜன்னலோரம் நின்று, தன் லாரியை வேறு ஒருவன் ஓட்டிப் போவதைப் பார்த்தான். அந்த மனுஷன் எங்கள் தபால் பெட்டியை உடைத்தான். வெர்ன் ஜன்னலை விட்டு நகர்ந்தான். கீழே இறங்கினான்.

நானும் போனேன். அட்டவணையைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். மான் தலையைக் கழற்றினேன். சிவப்புச் சாவிக் கயிற்றை அவன் சட்டையில் நானே மாட்டினேன். முதல் நாள் ஆறு நிமிஷம். படியில் உட்கார்ந்து அவனைப் பேசவைத்துக்கொண்டே இருந்தேன். எந்த வீட்டுத் தபால் பெட்டி எங்கே என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஹெய்ன்ஸ் வீடு, தேவாலயம், பாலத்துக்கு இந்தப் பக்கம் இரண்டு என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே நடந்தான். மூச்சு முட்டிப் பெயர் நின்றால் நான் வேகத்தைக் குறைப்பேன். டிசம்பர் கடைசியில் ரூட் முழுவதையும் சொல்லி முடித்தான், முப்பத்தைந்து நிமிஷம், எண் நூற்று மூன்று. ஜனவரி பதினாறில் தேறினான். அடுத்த வாரம் லாரியில் ஏறினான்.

மார்ச் மாதம் மெல்வினுக்கும் வீட்டில் நடக்கச் சொல்லி உத்தரவு. அவன் வீட்டில் மிஷின் ஏது? நாலு மணிக்குப் பின்கதவு வழியாக வந்தான், வழக்கம்போல. நெஞ்சில் தையல் ஆறிய தழும்பு, உடம்பு பாதியாகிவிட்டது. பெல்ட் மெதுவாக ஓடியது. அவன் ஓரத்தில் நின்றான். ஏறவில்லை. வெர்ன் பக்கம் திரும்பிப் பட்டையை நீட்டினான்.

"வெர்ன், இன்னிக்கு ஒரு நாளைக்கு என் ரூட்டை எடுத்துக்கோடா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் கால் ஓரத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கேள்விக்கு அந்த ஷெட்டில் முப்பது வருஷமாக ஒருவனும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

"மாட்டேன்டா," என்றான் வெர்ன். பட்டையை வாங்கி மெல்வினின் மார்பில் கட்டினான். சிவப்புச் சாவியை எடுத்து அவன் சட்டையில் மாட்டினான். "ஏறு. நான் படியில உக்காந்திருக்கேன்."

நான் மேலே வந்து பேஸ்டிக்கு மாவு பிசைந்தேன். கொஞ்ச நேரத்தில் தரைக்குக் கீழே தட் தட் தட் தட் என்று சீராகக் கேட்டது. முட்டி பழுதில்லாத கால். மெல்வின் கால்தான்.

நான் நம்பவில்லை. மாவுக் கையோடு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.